முதல் பானைக்கு நான்கு முழங்கால்கள்

வடகரை,
நீடாமங்கலம் வழி.
20-1-2025

அன்புள்ள அம்சவல்லிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முதலில் பிள்ளைகள் சேதி. மூத்த பேத்தி பிரகதீஸ்வரி ஆடிட்டர் பரீட்சையின் கடைசிப் பாகத்தையும் ஒரே தடவையில் தேறிவிட்டாள். ஒரே தடவையில் என்பதை இரண்டு முறை படி. சென்னையில் அவளுக்குத் தனி அறை, கதவில் பெயர்ப் பலகை. பேரன் ராஜராஜன் சிங்கப்பூரில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான், அவனுக்குக் கீழே பதினெட்டுப் பேர். வானதி உன் ஊர் திருவாரூரில்தான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கட்டுரைப் போட்டியில் மெடல் வாங்கினாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு நீ போய் ஒரு எட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. கடைக்குட்டி வளவன் சிலம்பத்தில் மாவட்டத்திலேயே இரண்டாவது. முதலாவது வந்த பையன் இவனைவிட ஒரு வயது மூத்தவனாம், ஆகையால் இவனும் முதலாவது மாதிரிதான். உன் வீட்டுச் சேதியும் எழுது, ஏதாவது இருந்தால்.

போனில் பேசியிருக்கலாம். எனக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. நீ கத்தினால் என் மருமகள் குந்தவைக்கு எல்லாம் கேட்கும். கடிதம் என்றால் ஒட்டிப் போட்டால் முடிந்தது.

மாட்டுப் பொங்கலன்று உன் வீட்டுக்காரர் பந்தியில் எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை இன்னும் தொண்டையில் நிற்கிறது. "அண்ணிக்கு உக்காந்தா எந்திரிக்க முடியல. பங்குனி உத்திரத்துக்கு இந்த வருஷம் அம்சவல்லி மொதப் பானைய வைக்கட்டும்." என் கொழுந்தனாரைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவள் நான். அவர் சொன்னதுகூடப் பெரிதில்லை. நீ வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பார்த்தேன்.

அய்யனார் கோயிலில் முதல் பானை மூத்த மருமகளுடையது. நம் மாமியார் காலமான வருஷத்திலிருந்து நாற்பத்து நான்கு உத்திரம் நான் வைத்திருக்கிறேன். பானையை இடுப்பில் வைத்து வரப்பில் வெறுங்காலோடு நடந்து போய், கிழக்கே பார்த்துக் குந்தி உட்கார்ந்து, மூன்று செங்கல்லுக்கு நடுவில் தீ மூட்டி, பால் பொங்குகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. ஒரு வருஷம்கூட நான் பாதியில் எழுந்ததில்லை. போன வருஷம் பொங்கிய பிறகு எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதம் ஆனது, அவ்வளவுதான். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. மடக்கினால் முறுக்கு கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது எல்லோருக்கும் வருவதுதான்.

நீ முழங்காலுக்காகத் தஞ்சாவூரில் ஆயுர்வேத வைத்தியசாலையில் இருபத்தொரு நாள் படுக்கப் போகிறாய் என்று கேள்வி. உத்திரத்துக்கு மூன்று மாதம்கூட இல்லாதபோது என்ன இப்படி ஓர் அவசரம் என்றுதான் யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மூத்த ஓரகத்தி
பூவம்மாள்


தஞ்சாவூர்
3-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வைத்தியசாலைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். பேரன் பேத்திகள் சேதி அறிந்து சந்தோஷம். என் வீட்டில் புதுச் சேதி எதுவும் இல்லை. என் பிள்ளை தமிழரசன் அதே ஆபீஸில் அதே நாற்காலியில்தான் இருக்கிறான். திருவாரூரிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். சிங்கப்பூரிலிருந்து அப்படி வர முடியாது, பாவம்.

இங்கே டாக்டர் ஹமீதா பானு என்று அதிராம்பட்டினத்துப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். எக்ஸ்ரே பார்த்தார், நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். முழங்காலைப் பற்றி முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. "தெனமும் வயிறு சுத்தமா போகுதாம்மா? தூக்கம் வருதா? தோலு எப்பவும் இப்படித்தான் வறண்டு கெடக்குமா?" என்றார். எனக்குப் பத்து வருஷமாகத் தூக்கம் இல்லை என்று என் வீட்டுக்காரருக்கே தெரியாது அக்கா.

இதற்குச் சந்திகத வாதம் என்று பெயராம். வயதானால் உடம்பில் வாதம் மேலோங்கும். மூட்டுக்குள் வழுவழுவென்று இருக்க வேண்டிய கபத்தை அது உலர்த்திவிடும். அப்புறம் எலும்பும் எலும்பும் உரசும், சத்தம் வரும். நீங்கள் முறுக்கு என்று எழுதியிருந்தீர்களே, அதுதான்.

முழங்காலைச் சுற்றி உளுந்து மாவால் வட்டமாகக் கரை கட்டி, உள்ளே வெதுவெதுப்பாகத் தைலம் ஊற்றுகிறார்கள். ஆற ஆற ஒற்றி எடுத்துவிட்டு மறுபடியும் சூடாக ஊற்றுவார்கள். இருபது நிமிஷம். எழில்மொழி என்ற பெண்தான் எனக்குச் செய்கிறாள். முதல் நாள் அவளிடம், "மெதுவடை தட்டிட்டே, சட்னி எங்கடி?" என்றேன். வார்டே சிரித்தது. கடைசி வாரம் நவரக்கிழி இருக்கிறதாம். பாலக்காட்டிலிருந்து வரும் சிவப்பு நவர அரிசியைப் பாலிலும் வேர்க் கஷாயத்திலும் குழைய வேகவைத்துத் துணியில் முடிந்து, உடம்பெல்லாம் ஒத்தித் தேய்ப்பார்கள்.

அன்றைக்குப் பந்தியில் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, உண்மைதான். ஏன் சொல்ல வேண்டும்? நாற்பத்து நான்கு உத்திரமாக உங்களுக்குப் பின்னால் தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பால் பொங்கும்போது உங்கள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரியும்.

பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று நீங்கள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை நானும் பார்த்தேன். வாங்க.

அம்சவல்லி


வடகரை
11-2-2025

அம்சவல்லிக்கு,

பாலக்காட்டு அரிசியா? நெல்லுக்கு நடுவில் பிறந்து, நெல்லுக்கு நடுவில் வாக்கப்பட்டு, மருந்துக்கு அரிசி மலையாளத்திலிருந்து வருகிறது என்று பெருமையாக எழுதுகிறாய். நம் மேட்டு வயலில் அறுபதாம் குறுவை விளைகிறது. அதுவும் அறுபது நாள் பயிர், அதுவும் சிவப்பு. போன வருஷத்து அரிசி குதிரில் இருந்தது. பால் நம் வீட்டுப் பசுவின் பால். உன் வைத்தியசாலையில் பாக்கெட் பாலாகத்தான் இருக்கும், கேட்டுப் பார்.

வானதி லீவுக்கு வந்தவள் போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். உன் தைலத்தின் பெயரைத் தமிழரசனிடம் கேட்டு, அதே தைலம் நீடாமங்கலத்தில் வாங்கி வந்தாள். ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு இது போதும். உளுந்தை நானே அரைத்தேன், நானே கரை கட்டினேன். உனக்கு இருபது நிமிஷம் என்றால் எனக்கு ஒரு மணி நேரம். உனக்கு வெதுவெதுப்பு என்றால் எனக்குக் கை பொறுக்கிற சூடு. முதல் நாள் கொல்லையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது செவலைக் கோழி வந்து கரையைக் கொத்திவிட்டது. தைலமெல்லாம் பாயில். குந்தவை ஓடி வந்து, "அத்தே, கோழிக்கும் மூட்டு வலியா?" என்கிறாள். அவளுக்கு என்ன, நாற்பத்தைந்து வயது, சொடுக்குப் போடுகிற நேரத்தில் உட்கார்ந்து எழுந்துவிடுவாள். இப்போது கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறேன்.

ஐந்து நாள் ஆகிறது. முழங்கால் நன்றாகத் திரண்டு வந்திருக்கிறது. இரண்டும் பலாக்காய் மாதிரி. சத்து ஏறுகிறது என்று நினைக்கிறேன். தொட்டால் கதகதவென்று இருக்கிறது. தைலம் உள்ளே இறங்கட்டும் என்று மதியம் தயிர் சாதம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் தூங்குகிறேன். நடக்கத்தான் சற்றுக் கனமாக இருக்கிறது.

நிலைக்கதவைப் பிடித்தது, அதில் ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க.

பூவம்மாள்


தஞ்சாவூர்
17-2-2025

அக்கா,

கோபித்துக்கொண்டாலும் சரி, உங்கள் கடிதத்தை டாக்டரிடம் படித்துக் காட்டிவிட்டேன். கோழி வந்த இடத்தில் சிரித்தார். பலாக்காய் என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"அந்தம்மா எப்படி இருப்பாங்க? குண்டா?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். "ஒங்க ஒடம்பு வேற, அவங்க ஒடம்பு வேறம்மா. ஒரே வலின்னா ஒரே மருந்தா? மொதல்ல அந்த எண்ணெய நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னதை நான் நம் பாஷையில் சொல்கிறேன். நான் வறண்ட உடம்பு. சித்திரையில் வெடிப்பு விட்ட வயல். தண்ணீர் கட்டினால்தான் பிழைக்கும், அதனால் எனக்குத் தைலம். உங்கள் முழங்கால் தண்ணீர் தேங்கி நிற்கிற பள்ளத்து வயல். வீங்கிச் சூடாக இருக்கிறதே, அதுதான் அடையாளமாம். அதற்கு முதலில் வடிகால் வெட்ட வேண்டும். கொள்ளும் சுக்கும் பொடித்து வறுத்து, எண்ணெய் இல்லாமல் காய்ந்த கிழியாகக் கொடுக்க வேண்டும். சுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். தயிர், பழைய சோறு, மதியத் தூக்கம் மூன்றும் கூடாது. வடிந்த பிறகுதான் எண்ணெய். அதையும் கிழி கொடுக்கிற சூட்டையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும், வீட்டில் நாமே செய்யக் கூடாது என்றார். நேரில் வந்து காட்டச் சொன்னார். அறுபதாம் குறுவையைப் பற்றியும் கேட்டேன். அது நல்ல அரிசிதான், ஆனால் உங்களுக்கு இப்போது எந்த அரிசியும் வேண்டாமாம்.

நான் உங்களைப் பயமுறுத்தி உட்கார வைத்துவிட்டுப் பானையைத் தூக்கப் பார்க்கிறேன் என்றுதான் நினைப்பீர்கள். எனக்குப் பானை வேண்டும்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் நடக்க முடியாமல் கிடந்து, அதனால் எனக்கு வருகிற பானை வேண்டாம். நீங்கள் நின்று பார்க்க, நான் வைக்க வேண்டும்.

அம்சவல்லி


வடகரை
24-2-2025

அம்சவல்லிக்கு,

உறையில் ஒட்டி அனுப்பிய கடிதத்தை ஊரார் முன்னால் படித்தாய். குண்டு என்றும் சொன்னாய். என்னைப் பார்க்காத ஒரு டாக்டர் என்னைப் பள்ளத்து வயல் என்கிறார், அதை நீ எழுதி அனுப்புகிறாய். கல்யாணமாகி வந்தபோது எனக்கு இருந்த இடுப்பு உனக்கு இன்றைக்கும் இல்லை.

நான் எங்கும் வரப்போவதில்லை. உன் பக்கத்துக் கட்டிலில் படுத்து உன் வடை ஜோக்கைக் கேட்க வேண்டிய தலையெழுத்து எனக்கு இல்லை. பானை என்னுடையது. இத்தோடு பேச்சு முடிந்தது.

பூவம்மாள்

மறந்துவிட்டேன்: சுக்குத் தண்ணீர் என்றால் ஒரு செம்புக்கு எவ்வளவு சுக்கு? தட்டிப் போடுவதா, பொடியா? குந்தவைதான் கேட்கச் சொன்னாள். நேற்றுக் குளியலறையில் மணையிலிருந்து எழுந்திருக்க அவளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கை கொடுக்க வேண்டியிருந்தது. தரை வழுக்கல்.


திருவாரூர்
15-3-2025

அக்கா,

நான் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. எழில்மொழி நேற்றுப் போன் செய்தாள். "நீடாமங்கலத்துப் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்திருக்காங்க. உங்க கட்டில்தான். பேரு பூவம்மாள். உங்களுக்குச் சொந்தமான்னு கேட்டேன். ஒரே பஸ்ஸுல பாத்திருக்கேன், அவ்வளவுதான்னு சொல்றாங்க" என்றாள்.

நாற்பத்தெட்டு வருஷம் ஒரே பஸ்ஸில்தான் வருகிறோம், அதுவும் சரிதான்.

வீக்கம் பாதிக்கு மேல் வடிந்துவிட்டதாம். பதினான்கு நாளில்! எனக்கு அத்தனை நாளில் ஒரு மாடிப்படிகூட ஏற முடியவில்லை. டாக்டர் உங்கள் பேத்திகளின் பெயரையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறாராம். வார்டில் எல்லோரும் உங்களைத்தான் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்களாம். உங்களுக்கு இப்போதுதான் மாவுக் கரை கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் நாளே, "மெதுவடைக்குச் சட்னி எங்கே?" என்று கேட்டீர்களாம். எழில்மொழியே, "இந்தப் பாட்டி சொன்னாத்தான் சிரிப்பு வருது" என்கிறாள். அது என் ஜோக் அக்கா. அதையாவது எனக்கு விட்டிருக்கலாம்.

இப்போது ஒன்று சொல்கிறேன், உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. புறப்படுகிற அன்று டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். "தேஞ்ச எலும்பு திரும்ப வளராதும்மா. வலியக் கொறச்சிருக்கோம், நடையக் குடுத்திருக்கோம். இதக் காப்பாத்தணும்னா தரையில குந்தி மட்டும் உக்காராதீங்க. என்னைக்குமே." நடை நன்றாக வந்துவிட்டது. கமலாலயக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். ஆனால் மனசு கேட்குமா? போன வாரம் வீட்டில் யாரும் இல்லாதபோது சமையலறையில் மூன்று செங்கல்லை வைத்து, கிழக்கே பார்த்துக் குந்திப் பார்த்தேன். உட்கார முடிந்தது. எழ முடியவில்லை. அரை மணி நேரம் அங்கேயே கிடந்து, அரிசி டின்னைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இரண்டு நாள் வலி. என் வீட்டுக்காரர் உத்திரத்துக்கு எனக்குப் புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்ல?

உங்களுக்கும் டாக்டர் இதையேதான் சொல்லுவார். ஆகையால் இரண்டு பேருக்கும் இல்லை. குந்தவை வைக்கட்டும். அவள்தான் அடுத்த மூத்த மருமகள். யோசித்துப் பதில் போடுங்கள்.

அம்சவல்லி


திருவாரூர்
13-4-2025

பூவம்மாள் அக்காவுக்கு,

மார்ச் மாதம் நான் போட்ட கடிதத்துக்கு நீங்கள் பதிலே போடவில்லை. சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு மடைச்சி.

உத்திரத்தன்று வரப்பில் நான் முன்னால் நடந்தேன், நீங்கள் பின்னால் வந்தீர்கள். மெதுவாக, ஒரு கையில் கோல், இடுப்பில் பானை. அழகுக்குத் தூக்கி வருகிறார்கள், கோயிலடியில் குந்தவையிடம் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கே போய்ப் பார்த்தால் வேப்பமரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்மேடு! கொத்தனார் வைரக்கண்ணு முந்தின நாளே நம் வயல் மண்ணைக் குழைத்துக் கட்டி, சாணி மெழுகி, மேலே மூன்று செங்கல் வைத்திருக்கிறார். குந்தவைக்கே தெரியாதாம். நீங்கள் நேராகப் போய் நின்றுகொண்டே பானையை ஏற்றினீர்கள்.

என் வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணி, தரையில குந்தித்தான் வைக்கணும். அதுதான வழக்கம்?"

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அய்யனாரே குதிரை மேல ஏறித்தான் உக்காந்திருக்காரு. அவரு எறங்கி வந்து தரையில குந்தட்டும், நானும் குந்துறேன்."

பங்காளிகள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். பூசாரியும் சிரித்தார். அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? பால் பொங்கியது. நான் தேங்காய்த் தட்டோடு நின்றேன், நாற்பத்தைந்தாவது முறையாக, புதுச் சேலையில்.

எனக்கு வந்தது பொறாமை. அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. குந்த முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து நான் குந்துவதற்குத்தான் வழி தேடிக்கொண்டிருந்தேன். அடுப்பை எழுப்பலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவள், இருபத்தாறு வருஷம் சத்துணவுக் கூடத்தில் மேடை அடுப்பில் நின்றுகொண்டே ஆக்கியவள், எனக்குத் தோன்றவில்லை! என் ரகசியத்தை நம்பிச் சொன்னேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மேடு கட்டினீர்கள். நின்று வைக்கலாம் என்றால் நானும்தான் வைத்திருப்பேன். உங்களைவிட நேராக நின்று வைத்திருப்பேன்.

அடுத்த வருஷம் எனக்கு வேண்டும். இதைக் கேட்பதற்கு இனி எனக்கு வெட்கம் இல்லை.

அம்சவல்லி


வடகரை
19-4-2025

அன்புள்ள அம்சவல்லிக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. சொல்லியிருந்தால் நீ என்னைவிட நேராக நின்றிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை.

வைத்தியசாலையில் எழில்மொழி உன் நடையைப் பற்றித் தினமும் சொல்லுவாள். "அம்சவல்லி அம்மா பதினெட்டாம் நாளே கோல் இல்லாம நடந்தாங்க." எனக்குக் கிழி கொடுக்கும்போதெல்லாம் உன் பேச்சு. இத்தனைக்கும் நான்தான் பக்கத்தில் படுத்திருக்கிறேன். வலியைவிட அது அதிகமாக வலித்தது. குந்தக் கூடாது என்று டாக்டர் என்னிடமும் சொன்னார். உன் கடிதமும் அந்த வாரம்தான் குந்தவை கொண்டுவந்து கொடுத்தாள். குந்தவை வைக்கட்டும் என்று எழுதியிருந்தாய். பானை அவளிடம் ஒரு தடவை போனால் நம் இரண்டு பேருக்கும் திரும்பி வருமா, யோசி. எனக்குத் தூக்கம் போய்விட்டது. கிழி மேசையில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான் கவனித்தேன். எழில்மொழி குனியாமல் நிமிராமல் நின்றுகொண்டே வேலை செய்கிறாள், மேசை அவள் இடுப்பளவுக்கு இருக்கிறது. போதும், எனக்கு விளங்கிவிட்டது.

வரப்பில் நீ முன்னால் போனாய். உன் நடையைப் பார்த்துக்கொண்டுதான் நான் பின்னால் வந்தேன். பானையை வரப்பிலேயே போட்டு உடைத்துவிடலாம் போல இருந்தது. அத்தனை நேரான நடை. ஆக, உனக்கு மட்டும்தான் பொறாமை என்று நினைக்காதே.

அடுத்த வருஷம் முதல் பானையைத் தர மாட்டேன். ஆனால் வைரக்கண்ணுவிடம் பக்கத்தில் இன்னொரு மேடு கட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டிலும் ஒரே நேரத்தில் தீ மூட்டுவோம். எது முதலில் பொங்குகிறதோ அது பொங்கட்டும், அய்யனார் பார்த்துக்கொள்வார். தேங்காய்த் தட்டைக் குந்தவை பிடிப்பாள். உன் மேடு மட்டும் என்னுடையதைவிட அரைச் சாண் தணிவாக இருக்கும். நீ இளையவள். அதில் பேச்சு இல்லை.

தமிழரசன் எடுத்த படம் வந்தது. பானையை வைத்தவள் நான், படத்தில் பளிச்சென்று நிற்பவள் நீ. புதுச் சேலையின் சரிகை முதற்கொண்டு தெரிகிறது. என் முகம் முழுக்கப் புகை. பிரகதீஸ்வரி பார்த்துவிட்டு, "பானை வெச்சது சின்னப் பாட்டியா?" என்று கேட்கிறாள். இதை எப்படி நான் ஃபிரேம் போட்டு மாட்டுவது? சித்திரை மழை வந்து மேடு கரைவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வா. வெறும் பானையாக இருந்தாலும் பரவாயில்லை, நான் மேட்டுப் பக்கம் நிற்கிறேன், நீ எனக்கு இடது பக்கம் நில், ஒரு அடி தள்ளி. வேறு புதுப் படம் எடுத்து, கெட்டித் தாளில் போட்டு, என் பெயருக்குத் தபாலில் அனுப்பச் சொல். குந்தவையின் போனுக்கு வேண்டாம்.

பூவம்மாள்